பாவ்லோவுக்குக் கார் பார்க்கப் போன கதை

‘தெரியாது’ என்பது நாலே எழுத்துதான். அது என் வாயிலிருந்து வெளியே வர எனக்கு இருபத்துமூன்று வயது ஆக வேண்டியிருந்தது. அதுவரை யார் எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியும். பஸ் எத்தனை மணிக்கு என்றால் தெரியும். பல்வலிக்கு என்ன மருந்து என்றால் தெரியும். நான் போயே இராத ஊருக்கு வழி கேட்டால்கூடக் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டிவிடுவேன். (அந்தப் பக்கம் போனவர்கள் யாரும் திரும்பி வந்து என்னிடம் குறை சொன்னதில்லை. திரும்பி வந்தார்களா என்பதே சந்தேகம்.)

இப்படிப்பட்டவளை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வேலைக்கு எடுத்தது. எம்.பி.ஏ. முடித்திருந்தேன். அப்பா வேறொரு கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மகள் எஸ்தர் ஏசி ரூமில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு மெயில் அனுப்புகிறாள் என்று எங்கள் தெருவே பெருமையாகப் பேசியது. அந்த மெயில்களைப் படித்த வெளிநாட்டுக்காரர்கள் என்ன பேசினார்கள் என்பதைக் கம்பெனி என்னிடம் சொல்லவில்லை.

நான் சேர்ந்த சில மாதங்களில் இத்தாலியிலிருந்து பாவ்லோ வந்தார். ஷூவுக்கு நிறமும் பளபளப்பும் கொடுக்கும் ஃபினிஷிங் வேலையில் கெட்டிக்காரர். எங்கள் ஆட்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க இரண்டு வருஷ கான்ட்ராக்ட். ஆள் பனைமர உயரம், செம்பட்டைத் தாடி. அவருக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் வேறு, எனக்குத் தெரிந்த வார்த்தைகள் வேறு. இடையில் இருந்த பள்ளத்தை இரண்டு பேரும் கையை ஆட்டியே நிரப்பினோம்.

பாவ்லோ கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். ஒரு சோப்பு வாங்கக் கடைக்குப் போவதானாலும் டிரைவரிடம் கேட்க வேண்டும். டிரைவர் மேனேஜரிடம் கேட்பார். மேனேஜர் டீசல் கணக்கைக் கேட்பார். சில மாதங்கள் பொறுத்துப் பார்த்த மனிதர், சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கிக்கொள்கிறேன் என்று அறிவித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் ஏலகிரிக்குப் போக வேண்டுமாம், யாரையும் கேட்காமல்.

“வெளிநாட்டுக்காரர் பேர்ல வண்டி வாங்கறது, இன்சூரன்ஸ் போடறது, இதெல்லாம் யாருக்காவது தெரியுமா?” என்று மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார்.

“எனக்குத் தெரியும் சார்” என்றேன்.

எங்கள் வீட்டில் இருந்த ஒரே வண்டி அப்பாவின் மொபெட். அதையும் எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் என் அக்கா வீட்டுக்காரர் ஸ்டீபன் மாமா ஆம்பூரில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்த மாதிரிதானே என்பது என் கணக்கு.

மாமா பேப்பர்களை வாங்கிப் பார்த்தார். பாஸ்போர்ட், விசா, கம்பெனி கொடுத்த விலாசக் கடிதம் எல்லாம் சரி. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

“இவருக்கு இனிஷியல் இன்னா?”

“அவங்க ஊர்ல இனிஷியல் எல்லாம் கெடையாது மாமா.”

“அப்பா பேரு இல்லாமயா பொறந்தாரு? கேளு.”

கேட்டேன். ஜியோவானி என்றார். மாமா உடனே ‘ஜி. பாவ்லோ’ என்று எழுதிக்கொண்டார். மறுநாளே கம்பெனி முழுக்க அவர் ஜி. பாவ்லோ ஆகிவிட்டார். செக்யூரிட்டி அண்ணன் ‘ஜீபா சார்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

பாவ்லோவுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓர் அடி நகர மாட்டார். அவர் ஊரில் இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைத் தெருவில் நிறுத்தி வைப்பதே குற்றமாம். எதைக் காட்டினாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, “இன்சூரன்ஸ்?”

வேலூர் சத்துவாச்சாரியில் குமரேசன் என்பவர் வெள்ளைக் கார் ஒன்றை விற்கிறார் என்று மாமாவுக்குத் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நானும் பாவ்லோவும் கம்பெனி வேனில் வேலூர் போய் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம். பாவ்லோ ஆட்டோவில் ஏறாமல் குனிந்து நின்றார்.

“இன்சூரன்ஸ்?”

“இன்னாம்மா கேக்குறாரு?” என்றார் ஆட்டோக்காரர்.

இதை மொழிபெயர்த்தால் அவர் கோபித்துக்கொள்வார் என்று, “உங்க பேரு கேக்குறாருண்ணா” என்றேன்.

“ரஷீத்.”

“ஆ, ரஷீத் இன்சூரன்ஸ். குட்” என்று சொல்லிவிட்டு பாவ்லோ ஏறிக்கொண்டார்.

வழியில் போனைப் பார்த்தேன். மாமா மெசேஜ் போட்டிருந்தார். ‘குமரேசன் வண்டி செக் பண்ணிட்டேன். இன்சூரன்ஸ் முடிஞ்சிடுச்சு.’ அடடா, மாமான்னா மாமாதான், வண்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வேலையை முடித்துவிட்டாரே என்று பாவ்லோவிடம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். “இன்சூரன்ஸ் ஃபினிஷ்டு.” ஃபினிஷிங் செக்‌ஷன்காரர் அல்லவா, அந்த வார்த்தை அவருக்குப் பிடித்திருந்தது. முகம் மலர்ந்தது.

சத்துவாச்சாரியில் வீடுகள் ஃபேஸ் ஃபேஸாக, அதாவது பகுதி பகுதியாகக் கட்டியிருப்பார்கள். எல்லா ஃபேஸிலும் தெருக்களுக்கு அதே நம்பர்கள். குமரேசன் சொன்னது இரண்டாவது ஃபேஸ், மூன்றாவது தெரு. நான் ரஷீத் அண்ணனிடம் சொன்னது மூன்றாவது ஃபேஸ், இரண்டாவது தெரு. “நல்லா தெரியுமாம்மா?” என்று அவர் கேட்கவும் செய்தார். எனக்கா தெரியாது?

தெருவில் ஒரு வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு வாழைமரம் கட்டியிருந்தார்கள். இரண்டு வீடு தள்ளி, ஒரு வேப்பமரத்து நிழலில், வெள்ளைக் கார். குமரேசனுக்குப் போன் போட்டேன்.

“சார், வந்துட்டோம். வெள்ள வண்டி நிக்குது.”

“வாசல்லதாம்மா நிக்குது. சாவி அதுலயே இருக்கு. ஓட்டிப் பாத்துட்டு வாங்க, நான் குளிச்சிட்டு வந்துடறேன்.”

கிட்டே போனால் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஏசியும் போட்டிருந்தது. டேஷ்போர்டில் ஒரு குட்டிப் பிள்ளையார், அவருக்குப் புது மல்லிகைச் சரம்.

“ஏன் பூ?” என்று பாவ்லோ கேட்டார்.

“வண்டி விக்கும்போது எங்க ஊர்ல இப்படித்தான் அலங்காரம் பண்ணுவாங்க. ஏசி போட்டு வெக்கறது மரியாதை” என்று விளக்கினேன்.

பாவ்லோ நெஞ்சில் கை வைத்து, பூட்டியிருந்த பக்கத்து வீட்டைப் பார்த்து நன்றி சொன்னார். பின் கண்ணாடிகளில் வெயிலுக்குக் கறுப்பு வலை மாட்டியிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் பொறுப்பாகப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக ஏதோ துணி, நீளமாக. சீட் கவரைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

வண்டி கிளம்பியது. பாவ்லோ ஊரில் எல்லோரும் சாலையின் வலது பக்கம் போவார்கள். அங்கே ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் இண்டிகேட்டர், இந்தக் காரில் அது வலது பக்கம். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் சிக்னல் போட, வைப்பர் ஆடியது. சொட்டு மழை இல்லாத காலையில், வைப்பர் ஆட்டிக்கொண்டே சர்வீஸ் ரோட்டில் போனோம்.

கொஞ்ச தூரத்தில் பாவ்லோ காதைச் சாய்த்தார். “எஸ்தர். நாய்ஸ்.”

நானும் கேட்டேன். பின்னாலிருந்து கர்... கர்... என்று ஒரு சத்தம். நடுவில் ஒரு விசில்.

“சஸ்பென்ஷன்” என்றேன். அந்த வார்த்தையை மாமா ஒருமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பாவ்லோ வேகத்தைக் கூட்டினார். சத்தம் அதே அளவு. குறைத்தார், அப்போதும் அதே அளவு. ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தார். கர்... கர்... விசில்.

“என்ஜின் இல்லை. ஆனால் நாய்ஸ் இருக்கிறது” என்றார் குழப்பமாக.

“பழைய வண்டி இல்லையா, சூடு ஆறும்வரை இப்படித்தான் வரும். இதைச் சொல்லியே விலையைக் குறைத்துவிடலாம்” என்று தைரியம் சொன்னேன். என் வாகன அறிவில் அவருக்கு மரியாதை கூடியது கண்ணிலேயே தெரிந்தது. வண்டியைத் திரும்பவும் கிளப்பினார்.

கொஞ்சம் தள்ளிப் போலீஸ் செக்கிங். நடுவில் தடுப்பு வைத்து, ஒரு எஸ்.ஐ. கையை நீட்டி ஓரம் கட்டச் சொன்னார். பாவ்லோவுக்குப் பதற்றம். சிக்னல் போடுவதாக நினைத்து இடது பக்கக் கம்பியை வேகமாக இழுத்தார். கண்ணாடி கழுவும் தண்ணீர் இரண்டு தாரையாகக் கிளம்பி, கண்ணாடியைத் தாண்டி, எஸ்.ஐ.யின் முகத்திலும் சட்டையிலும் போய் விழுந்தது. தண்ணீரைப் பார்த்து பாவ்லோ பிரேக்கை மிதிக்க ஒரு நொடி தாமதம். பம்பர் தடுப்பில் உரசி, தடுப்பு மெதுவாகச் சாய்ந்து படுத்தது.

எஸ்.ஐ. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். பாவ்லோ லைசென்ஸையும் இன்டர்நேஷனல் பர்மிட்டையும் நீட்டினார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“வண்டி யாருது?”

“குமரேசன்னு ஒருத்தரோடது சார். சத்துவாச்சாரி. டெஸ்ட் டிரைவ்.”

அவர் போனில் வண்டி நம்பரைத் தட்டினார். “வரதராஜன், நாட்றம்பள்ளின்னு வருது?”

“அது பழைய ஓனரா இருக்கும் சார்.”

“ஓஹோ.” கறுப்பு வலை மாட்டிய கண்ணாடி பக்கம் நகர்ந்தார். “பின்னாடி யாரு?”

“பின்னாடி யாரும் இல்ல சார்.”

சீட் கவர் எழுந்து உட்கார்ந்தது.

“டேய் பாபு, ஏன்டா நிறுத்திட்ட?” என்றது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முகத்தை மூடியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முன்னால் உட்கார்ந்திருந்த செம்பட்டைத் தாடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பாவ்லோவும் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். “நாய்ஸ்” என்றார் மெல்ல.

“ஐயா, நீங்க யாரு?” என்றார் எஸ்.ஐ.

“நான் வரதராஜன். நாட்றம்பள்ளி. இவங்கள்லாம் யாரு?”

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். “யம்மா, வண்டிய மட்டும் இல்லாம ஆளையும் சேத்தே தூக்கினு வந்துட்டியா? எப்பிடி வந்துச்சு இது உன் கைக்கு?”

அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்தது. “தெரியாது சார்.”

கடத்தல் கேஸ், கம்பி, பேப்பரில் போட்டோ, கட்டிங் செக்‌ஷனில் தலை குனிந்து நிற்கும் அப்பா என்று மனதில் வரிசையாக ஓடியது. ஒரே துணையாக ஸ்டீபன் மாமாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். அழுகையோடு அழுகையாக விஷயத்தைச் சொன்னேன்.

“குமரேசன் வண்டியையா ஓட்டினீங்க?” மாமா கத்தினார். “அதுக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சிடுச்சுன்னு மெசேஜ் போட்டேனே!”

“வேலைய முடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன் மாமா...”

“காலாவதி ஆயிடுச்சு, தொடாதன்னு அர்த்தம்!”

“அந்த வண்டிய நாங்க தொடவே இல்ல மாமா. இது வேற யாரோட வண்டியோ.”

“அப்ப பரவால்ல” என்று சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று புரிந்ததும் மாமாவே ஐயோ என்றார்.

இந்தக் களேபரத்தில் பாவ்லோவுக்குப் புரிந்த வார்த்தை ஒன்றே ஒன்று. எஸ்.ஐ.யைப் பார்த்துப் பயத்தோடு கேட்டார். “இன்சூரன்ஸ்?”

எஸ்.ஐ. போனைப் பார்த்தார். “இருக்கு. இதுக்கு எல்லாம் பக்காவா இருக்கு.”

“குட்” என்று பாவ்லோ சீட்டில் சாய்ந்துகொண்டார். அந்த இடத்தில் நிம்மதியாக இருந்த ஒரே மனிதர் அவர்தான்.

பெரியவர் திடீரென்று நிமிர்ந்தார். “மணி என்ன?”

பத்தைத் தாண்டியிருந்தது.

“போச்சு! பத்தரைக்குள்ள தட்டு மாத்தணும்! என் தங்கச்சி பொண்ணுக்கு நிச்சயம். நான்தான் தாய்மாமன்!”

அப்புறம்தான் கதை தெளிந்தது. நாட்றம்பள்ளியில் அவருக்கு மாந்தோப்பு. ஒரு வாரமாக வேலையும் அலைச்சலும், தூக்கமே இல்லை. விடியற்காலையில் மகன் பாபு வண்டி ஓட்ட, இவர் பின் சீட்டில் படுத்துவிட்டார். பந்தலுக்கு முன்னால் இடம் இல்லாமல் வேப்பமரத்தடியில் நிறுத்திய பாபு, அப்பா கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று ஏசியை ஓடவிட்டுச் சீர்த்தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். பெரியவரின் போனும் அந்தத் தட்டோடு போய்விட்டது.

எஸ்.ஐ. தன் போனிலிருந்து அந்த வீட்டுக்குப் பேசினார். அங்கே பாபுவின் அழுகை எங்களுக்கே கேட்டது. “இருக்காரு, இருக்காரு. முழுசா இருக்காரு” என்றார் எஸ்.ஐ. பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயா, கம்ப்ளைன்ட் குடுக்கறீங்களா?”

“அட, நீங்க வேற சார். ஒரு வாரத்துல இன்னிக்குத்தான் நல்லா தூங்கினேன்” என்றார் வரதராஜன். “இவரே ஓட்டட்டும். குலுங்காம ஓட்டறாரு.”

எஸ்.ஐ. பைக்கில் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். திருப்பத்துக்குத் திருப்பம் வைப்பர் ஆடியது.

தெருமுனையில் பெண் வீட்டார் மொத்தப் பேரும் நின்றிருந்தார்கள். பாபு ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் எம்.பி.ஏ. கருகிவிட்டது. ஒரு சித்தி, “இந்தப் பொண்ணுதான் கடத்தினு போச்சா? படிச்ச களையா வேற கீது!” என்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

வரதராஜன் யாரையும் பேச விடவில்லை. “மொதல்ல தட்டு” என்று என்னையும் பாவ்லோவையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் போலீஸ், பின்னால் வெள்ளைக்காரர், நடுவில் தாய்மாமன். மாப்பிள்ளையின் பெரியப்பா மரியாதையாக எழுந்து, “சார் யாரு?” என்று கேட்டார்.

வரதராஜன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். “நம்ம வண்டி ஓட்டறவருங்க.”

அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து எந்தக் குறையும் வரவில்லை. நேரத்துக்குத் தட்டு மாறியது. பாவ்லோவுக்குச் சந்தனம் வைத்து, இலை போட்டு, மூன்று முறை கேசரி வைத்தார்கள். கார் விற்பவர்கள் இவ்வளவு உபசாரம் செய்வார்களா என்று என் காதில் கேட்டார். இந்த முறை நான் எதையும் விளக்கவில்லை. நடந்ததை உள்ளது உள்ளபடி சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்து வெளியே போனார். போய்ப் பார்த்தால் காரின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் தொங்கும் பையில், ஷூவில் கீறல் விழுந்தால் மறைக்கும் வெள்ளைப் பூச்சு எப்போதும் வைத்திருப்பார். அதைத் துணியில் தொட்டுப் பம்பரில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்தபோது கீறல் எங்கே இருந்தது என்று பாபுவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வரதராஜன் பக்கத்தில் வந்து நின்றார். “யம்மா, ஒண்ணு சொல்றேன் சிரிக்காத. கண்ணத் தொறந்தா, வெள்ளையா, செம்பட்டத் தாடி வெச்ச ஒருத்தரு முன்னாடி உக்காந்திருக்காரு. சரி, போய்ச் சேந்துட்டோம்னு நெனச்சேன். ஆனா எடம் மாத்தி உங்க சாமிகிட்ட எறக்கிட்டாங்களேன்னுதான் பயமாப் போச்சு.”

சிரித்தேன். கேசரி இனிப்பாக இருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

போனில் குமரேசன் பலமுறை கூப்பிட்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டேன். “குளிச்சி, டிபன் சாப்ட்டு, மதியச் சாப்பாடும் ஆயிடுச்சு. வண்டி இங்கயேதான் நிக்குது. நீங்க எந்த ஊர்லம்மா ஓட்டிப் பாக்குறீங்க?” என்றார். அந்தக் காருக்கு மாமா முறையாக இன்சூரன்ஸ் போட்ட பிறகு, பாவ்லோ அதையே வாங்கினார். கான்ட்ராக்ட் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போனார். வைப்பரும் கூடவே போனது.

மேனேஜருக்கு இந்த விஷயம் இன்றுவரை தெரியாது. என் வீட்டுக்குத் தெரியாமல் இருக்குமா? போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் ஸ்டீபன் மாமா ஆயிற்றே. நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும், வீட்டில் யாராவது ஒருவர், “பின்னாடி யாரும் இல்ல சார்” என்பார். அக்காவின் மகள் பேசப் பழகியபோதே அதையும் சேர்த்துப் பழகிக்கொண்டாள்.

என் கல்யாணத்துக்கு வரதராஜன் ஐயா குடும்பத்தோடு ஆம்பூர் சர்ச்சுக்கு வந்திருந்தார். இத்தாலி திரும்பிவிட்ட பாவ்லோ வாழ்த்து அனுப்பியிருந்தார். பாஸ்டர் வழக்கப்படி, “இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டார். சபை அமைதியாக இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து நாட்றம்பள்ளிக் குரல் ஒன்று கணீரென்று எழுந்தது.

“பின்னாடி யாரும் இல்ல சார்!”

எங்கள் வீட்டு வரிசை முழுக்கக் குலுங்கியது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கணவர் மட்டும் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம், ஜோடித்த காரில் ராணிப்பேட்டையில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கிளம்பினோம். பின் கதவைத் திறந்து, குனிந்து, சீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.

“என்ன தேடற?” என்று கேட்டார்.

சொல்ல ஆரம்பித்தேன். ராணிப்பேட்டை வந்தும், கதை முடியும்வரை அவர் இறங்கவில்லை.